தாயின் குரல் போதும்

ஜூலை 5

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் காலையிலிருந்தே மழை. இருந்தும் தோட்டத்துப் பெண்கள் கூடிப் பாடக் கோயில் மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். நர்சான என்னை இவர்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ஏழு மாதக்காரி ஒருத்தி வயிற்றின் மேல் ஹெட்போனைக் கட்டி மொசார்ட் இசையை ஓடவிட்டிருந்தாள். "மிஸ்ஸி, இதக் கேட்டா புள்ளைக்கு மூளை நல்லா வளருமாம்ல?" என்றாள். அந்தப் பேச்சு, 1993இல் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஒரு சோதனையிலிருந்து கிளம்பியது. கருவிலிருக்கும் பிள்ளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஹெட்போனைக் கழற்றச் சொன்னேன். "அப்ப எதப் போடுறது மிஸ்ஸி?" நீயே பாடு என்றதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஜூலை 8

அவளுக்காகவே இதை எழுதி வைக்கிறேன். ஆறாம் மாதவாக்கில் பிள்ளை வெளியே கேட்கும் சத்தத்துக்கு அசைந்துகொடுக்கத் தொடங்கும். மற்ற ஒலிகள் மங்கித்தான் உள்ளே போகும். தாயின் குரல் மட்டும் அவள் உடம்பு வழியாகவும் போய்ச் சேரும். 1980இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்களின் வாயில் ரப்பர் காம்பை வைத்துப் பார்த்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் அம்மாவின் குரல் கேட்கும், வேறு விதமாகச் சப்பினால் இன்னொரு பெண்ணின் குரல். அம்மாவின் குரல் வரும் விதமாகவே பிள்ளைகள் அதிகம் சப்பின! எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஜூலை 19

பிள்ளை பெற்றுப் பத்தியத்தில் இருக்கும் பெண் ஒருத்தியைப் பார்க்க லயத்துக்குப் போனேன். புருஷனுக்குச் செம்பனை ஆலையில் இரவு வேலை. பிள்ளை தூங்கினாலும் இவளுக்குத் தூக்கமில்லை. கேட்டதற்கெல்லாம் "ஒண்ணுமில்ல மிஸ்ஸி" என்ற பதில்தான். பால்மரம் சீவி ஓய்ந்த அப்பாயி தூளியை ஆட்டியபடி, பிள்ளையை அடித்தது யாரென்று மாமனையும் அத்தையையும் விசாரிக்கும் தாலாட்டைப் பாடினார். கூடவே வேலையை மேற்பார்க்கும் மண்டோரையும் கணக்கெழுதும் கிராணியையும் இழுத்துவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த அடியை அவளே எடுத்தாள், குரல் கரகரத்தது. பிள்ளை காலை உதைப்பதை நிறுத்திவிட்டுக் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பியது. "என்னத்தான் பாக்குதா மிஸ்ஸி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஆனால் பாட்டோடு விட்டுவிட முடியாது. பேறுகால மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ கேள்வித்தாளின் 10 கேள்விகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். திங்கட்கிழமை கிளினிக்கில் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அப்பாயியிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 21

டாக்டரைப் பார்த்துவிட்டார்கள். சரி.

ஆகஸ்ட் 2

தோட்டத்துப் பெரியவர் ஒருவர், இப்படிக் கூடிப் பாடுவதால் என்ன பலன் என்று கேட்டார். நியாயமான கேள்வி. லண்டனில், பேறுகாலத்துக்குப் பின் மனச்சோர்வு வந்த தாய்மாரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2018இல் வெளியானது. கைக்குழந்தையோடு 10 வாரம் கூடிப் பாடியவர்களில், சோர்வு கடுமையாக இருந்தவர்கள் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிடச் சீக்கிரம் தேறினார்கள். கடைசியில் இரு தரப்பிலும் சோர்வு குறைந்தது என்பதையும் அவரிடம் மறைக்கவில்லை. பச்சை உடம்புக்காரிக்குச் சில வாரம் முன்னதாகத் தெம்பு வருவது சின்ன விஷயமா? பயிற்சி பெற்ற இசைச் சிகிச்சையாளர் செய்வது வேறு, நாங்கள் கூடிப் பாடுவது வேறு. அதையும் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை மாமியார்களும் வரட்டும். பழைய தாலாட்டெல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. மண்டபத்தில் தூளி கட்டக் கம்பி உண்டு, சேலை மட்டும் கொண்டுவாருங்கள்.