எச்-4 விசாவில் இருக்கும் மகளுக்கு ஓஹாயோவில் தனியார் கல்லூரி தேடிய கதை

"தனியார் காலேஜா? டொனேஷன் எவ்வளவு கேக்குறாங்க?"

மதுரையிலிருந்து அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். கேட்டதில் தவறில்லை. நம் ஊரில் தனியார் கல்லூரி என்றால் அப்படித்தான் மனசில் பதிந்திருக்கிறது. நாங்கள் இருக்கும் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. இங்கே இருக்கும் பழைய தனியார் கல்லூரிகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டில் ஏதாவது ஒரு திருச்சபை தொடங்கியவை. கென்யன் 1824, டெனிசன் 1831, ஓபர்லின் 1833, ஓஹாயோ வெஸ்லியன் 1842, டேட்டன் 1850, வூஸ்டர் 1866. லாப நோக்கம் இல்லாதவை, அறங்காவலர் குழு நடத்துகிறது. "நம்ம அமெரிக்கன் காலேஜ் மாதிரிம்மா" என்றேன். 1881-இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய கல்லூரி அது, என் அப்பா படித்த இடம். அம்மாவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

எங்களுக்குப் பிடிபடத்தான் ஓராண்டு ஆனது. எங்கள் நிலைமையில் இருக்கும் குடும்பங்கள் மாநிலத் தலைநகர் கொலம்பஸைச் சுற்றியே நிறைய இருக்கின்றன. அவர்களில் ஒருவருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

கணவர் எச்-1பி, அதாவது வேலைக்கான தற்காலிக விசா. 2012-இல் வந்தோம். மகளுக்கு அப்போது 5 வயது. கிண்டர்கார்டன் முதல் பன்னிரண்டாவது வரை, 13 வருடமும் ஓஹாயோவின் பொதுப் பள்ளியில்தான் படித்தாள். கிரீன் கார்டு வரிசையில் நாங்கள் இடம்பிடித்த தேதி 2014, எங்கள் முறை இன்னும் வரவில்லை. ஆகவே மகள் எச்-4, எச்-1பி-யில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா. இதற்கு என்ன பொருள் என்பதைப் பதினோராவது படிக்கும்போதுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன். ஃபாஃப்சா என்கிற மத்திய அரசின் உதவிப் படிவம் அவளுக்குப் பயன்படாது. பெல் கிராண்ட் என்கிற, திருப்பிக் கட்ட வேண்டாத அரசு உதவித்தொகை கிடையாது, அரசுக் கல்விக்கடன் கிடையாது. ஓஹாயோ மாநிலத்தின் உதவித்தொகையும் அதே படிவத்தின் வழியாகத்தான் என்பதால் அதுவும் இல்லை. வளாகத்தில் பகுதிநேர வேலைகூடச் செய்ய முடியாது. கூடப் படித்த பிள்ளைகள் "ஃபாஃப்சா போட்டாச்சா" என்று பேசிக்கொள்ளும்போது அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவாள் என்று பிறகு சொன்னாள். எனக்கு அதைக் கேட்கவே கஷ்டமாக இருந்தது.

தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள். ஓஹாயோ ஸ்டேட் என்கிற அரசுப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது, அதில் போடு, தனியாரை நினைக்கவே நினைக்காதே. ஓஹாயோ ஸ்டேட் நல்ல இடம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கொலம்பஸ் வளாகத்தில் மட்டும் 60,000 மாணவர்களுக்கு மேல். என் மகள் சுபாவத்தில் அமைதி, வேதியியலில் ஆசை. சின்ன வகுப்பு, பேராசிரியரோடு நேராக உட்கார்ந்து வேலை செய்யும் வாய்ப்பு, இதைத்தான் தேடினாள்.

கென்யன், ஓபர்லின் போன்ற இடங்களில் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டும் தொகை போட்டிருக்கும். அதைப் பார்த்ததும் கணவர் மடிக்கணினியை மூடிவிட்டார். ஆனால் அது அறிவிப்பு விலை. பெரும்பாலான குடும்பங்கள் அந்தத் தொகையைக் கட்டுவதில்லை. கல்லூரியே தன் பணத்திலிருந்து ஸ்காலர்ஷிப் கொடுத்துக் குறைக்கிறது. அரசுப் பணத்துக்கு இருக்கும் குடியுரிமைக் கட்டுப்பாடு கல்லூரியின் சொந்தப் பணத்துக்கு இல்லை. யாருக்குக் கொடுப்பது என்று அவர்களே முடிவு செய்யலாம். எச்-4 குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இதுதான்.

சரி, எந்தக் கல்லூரி கொடுக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் உண்மைச் செலவைக் கணக்கிடும் கருவி ஒன்று இருக்கும். 2011 முதல் அது சட்டப்படி கட்டாயம். ஆனால் அது குடியுரிமை உள்ள மாணவரை மனதில் வைத்துச் செய்தது, எங்களுக்கு அதன் விடை பொருந்தாது. எனக்கு உதவியது காமன் டேட்டா செட் என்கிற ஆவணம். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் ஒரே வடிவத்தில் வெளியிடுகின்றன. அதில் எச் என்று ஒரு பகுதி, அதற்குள் எச்6. குடியுரிமை இல்லாத மாணவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கல்லூரி பணம் கொடுத்தது, சராசரியாக எவ்வளவு என்று அங்கே இருக்கும். ஒரு சனிக்கிழமை இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு பத்துப் பன்னிரண்டு கல்லூரிகளின் ஆவணத்தைத் திறந்து, எச்6-ஐ மட்டும் ஒரு நோட்டில் எழுதினேன். நாங்கள் விண்ணப்பித்த பட்டியல் அந்த நோட்டிலிருந்து வந்ததுதான்.

2024 அக்டோபரில் சில கல்லூரிகளை நேரில் பார்த்தோம். ஓபர்லினுக்குக் கொலம்பஸிலிருந்து இரண்டு மணிநேரம். அந்தப் பெயரைச் சொன்னதும் அப்பா போனில் குரல் மாறிப் பேசினார். "ஓபர்லினா? அங்கருந்துதானேம்மா பசங்க வருவாங்க எங்க காலேஜுக்கு." உண்மைதான். ஓபர்லின் ஷான்சி என்ற அமைப்பு பட்டம் முடித்த இளைஞர்களை மதுரைக்கு, அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும், ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க அனுப்பி வந்திருக்கிறது. அப்பாவுக்குப் பாடம் எடுத்த அந்த இளைஞரின் பெயர் மறந்துவிட்டது, ஊர் மட்டும் மறக்கவில்லை.

ஓபர்லின் அறிவியல் கட்டடத்தில் சார்லஸ் மார்ட்டின் ஹாலின் சிலை இருக்கிறது. அலுமினியத்திலேயே வார்த்தது. அந்த ஊரில் படித்து, பட்டம் வாங்கிய மறு வருடமே, 1886-இல், வீட்டு விறகுக் கொட்டகையில் மின்பகுப்பு முறையில் அலுமினியத்தைப் பிரித்தெடுத்தவர். அதுவரை விலை உயர்ந்த உலோகமாக இருந்ததை அடுப்படிப் பாத்திரம் ஆக்கிய வழி அதுதான். அக்கா ஜூலியாவும் ஓபர்லினில் வேதியியல் படித்தவர், சோதனைகளில் கூடவே நின்றவர். மகள் அந்தச் சிலையின் அருகே கொஞ்ச நேரம் நின்றாள். "அக்காவுக்கும் ஒரு சிலை வச்சிருக்கலாம்" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வூஸ்டருக்குப் போன அன்று வழியில், கார் ஓட்டாத கிறிஸ்தவச் சமூகமான ஆமிஷ் மக்களின் குதிரை வண்டிகள் சாலை ஓரமாகப் போய்க்கொண்டிருந்தன, இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த சோள வயல். அந்தக் கல்லூரியில் கடைசி ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பேராசிரியரின் வழிகாட்டலில் சொந்தமாக ஓர் ஆய்வு செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் மாணவருக்கும் அதுதான், கடைசி மாணவருக்கும் அதுதான். ஆய்வைச் சமர்ப்பிக்கும்போது ஒரு டூட்ஸி ரோல் மிட்டாய் கொடுப்பார்கள், அப்புறம் பேக்பைப் முழங்க ஊர்வலம் போவார்கள் என்று சுற்றிக்காட்டிய பெண் சொன்னாள். அவள் கடைசி ஆண்டு. தன் ஆய்வைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் நாங்கள் எல்லோரும் மழையில் நிற்கிறோம் என்பதையே மறந்துவிட்டாள். காரில் ஏறியதும் மகள் சொன்னாள், "எனக்கு அந்த மாதிரி பேசணும்மா." எந்தப் புள்ளிவிவரமும் எனக்கு அதைவிடத் தெளிவாக எதையும் சொல்லவில்லை.

விண்ணப்பம், பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் என்கிற இணையப் படிவம் வழியாகத்தான். கட்டுரை, பரிந்துரைக் கடிதம் எல்லாம் பள்ளி கவுன்சிலர் வழிநடத்தினார், அதைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு வித்தியாசமாக இருந்தது இரண்டு இடங்கள். ஒன்று, எர்லி டிசிஷன். கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தம் அது. எவ்வளவு பணம் வரும் என்று தெரியாத எங்களுக்கு அது வேண்டாம் என்று முடிவு செய்தோம். இரண்டு, 'தேவை அடிப்படையிலான உதவி வேண்டுமா' என்ற கேள்வி. குடியுரிமை இல்லாத மாணவர் 'ஆம்' என்று சொன்னால் பல கல்லூரிகளில் சேர்க்கை முடிவையே அது பாதிக்கும். படிப்புத் திறமையைப் பார்த்துக் கொடுக்கும் மெரிட் ஸ்காலர்ஷிப்புக்குப் பெரும்பாலும் தனியாகக் கேட்கவே வேண்டாம், விண்ணப்பித்தாலே பரிசீலிப்பார்கள். அதனால் ஒவ்வொரு கல்லூரிக்கும் போன் செய்து, "எச்-4 மாணவி, ஓஹாயோ பள்ளியில் படிக்கிறாள், எந்தப் பிரிவில் வைப்பீர்கள்" என்று கேட்டோம். ஏழு இடத்தில் கேட்டதில் ஒன்றுபோல் பதில் வரவில்லை. சில இடங்களில் சேர்க்கைக்கு உள்ளூர் மாணவி, பணத்துக்கு வெளிநாட்டு மாணவி. சில இடங்களில் இரண்டுக்கும் உள்ளூர். இதைக் கேட்காமல் விண்ணப்பித்துவிடாதீர்கள், தயவுசெய்து.

இரண்டு கல்லூரிகளுக்கு சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்கிற, குடும்பத்தின் பண நிலவரம் கேட்கும் படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது. இதற்குக் குடியுரிமை தேவையில்லை. முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16 டாலர். சம்பளம், வரிக் கணக்கு, சேமிப்பு, வீட்டு மதிப்பு எல்லாம் கேட்கும். மாமனாரின் டயாலிசிஸ் செலவுக்கு மாதாமாதம் நாங்கள் அனுப்பும் பணத்தை எங்கே எழுதுவது என்று தேடித் தேடிப் பார்த்தேன். கட்டம் எதுவும் இல்லை. கடைசியில் சிறப்புச் சூழ்நிலைகளை விளக்கும் இடத்தில் எழுதினோம். மருத்துவமனை ரசீதுகளை மகளே வரிசைப்படுத்தினாள். தாத்தாவுக்கு இவ்வளவு ஆகிறது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜனவரியில் ஒரு கல்லூரி எங்களைக் கலங்க வைத்தது. போனில் ஒன்று சொல்லியிருந்தார்கள், ஆனால் கணினியில் அவளை முழு வெளிநாட்டு மாணவியாகப் பதிந்துவிட்டார்கள். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணும், வங்கி இருப்புச் சான்றும் இல்லை என்று விண்ணப்பம் 'முழுமையடையவில்லை' என்றே மூன்று வாரம் கிடந்தது. கிண்டர்கார்டனிலிருந்து இங்கே படித்த பெண்ணிடம் ஆங்கிலத் தேர்வு. இரண்டு மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. பள்ளி கவுன்சிலர் தானே போன் செய்து பேசிய பிறகுதான் சரியானது. அன்றிலிருந்து யாரோடு பேசினோம், என்ன தேதி, என்ன சொன்னார்கள் என்று அதே நோட்டில் எழுதி, பேசியதை மின்னஞ்சலிலும் உறுதி செய்யச் சொல்லிக் கேட்டோம்.

இன்னொரு பயமும் இருந்தது. கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் நோட்டர் டேம் கல்லூரி 2024 வசந்தப் பருவத்தோடு மூடப்பட்டது. அதற்கு முன் 2020-இல் அர்பானா பல்கலைக்கழகம். மாணவர் எண்ணிக்கை குறைவதால் சிறிய தனியார் கல்லூரிகள் பல திணறுகின்றன. நான்கு வருடம் நிற்குமா என்று பார்க்காமல் பிள்ளையைச் சேர்ப்பது சரியில்லை. இவை லாபநோக்கற்றவை என்பதால் 990 என்ற வரிப் படிவம் பொதுவில் கிடைக்கும். தொடர்ந்து பற்றாக்குறை இருக்கிறதா, அறக்கட்டளை நிதி எவ்வளவு, மாணவர் எண்ணிக்கை ஐந்து வருடத்தில் எப்படிப் போகிறது என்று கணவர் பார்த்தார். பட்டியலிலிருந்து ஒன்றை அப்படித்தான் எடுத்தோம், நல்ல ஸ்காலர்ஷிப் வரும் என்று தெரிந்தும்.

மார்ச் இறுதிக்குள் கடிதங்கள் வந்துவிட்டன. மகள் சேர்ந்த கல்லூரியின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள், அதனால் தொகையை மட்டும் சொல்கிறேன். முதலில் வந்தது ஆண்டுக்கு 38,000 டாலர் ஸ்காலர்ஷிப். அப்படியும் எங்களுக்கு எட்டவில்லை. ஃபைனான்ஷியல் எய்டு அலுவலகத்துக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி, மாமனாரின் மருத்துவச் செலவு விவரத்தையும், இன்னொரு கல்லூரி கொடுத்த கடிதத்தையும் இணைத்தோம். அதை எழுதும்போது கெஞ்சுவதுபோல் இருக்கிறதோ என்று தயங்கினேன். அந்த அலுவலகத்தில் பேசிய பெண்மணி மிக இயல்பாக, "இது எங்களுக்கு தினசரி வேலை, கேட்டதற்கு நன்றி" என்றார். பத்து நாளில் இன்னும் 4,000 டாலர் கூட்டினார்கள். ஓஹாயோ ஸ்டேட்டுக்கு ஆகும் செலவைவிடச் சில ஆயிரம்தான் அதிகம் என்று வந்து நின்றது. கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டோம். நான்கு வருடமும் தொடருமா, அதற்கு எந்த மதிப்பெண் வேண்டும்? கட்டணம் ஆண்டுதோறும் ஏறினால் ஸ்காலர்ஷிப்பும் ஏறுமா? ஏறாது என்றார்கள். அதனால் நான்காம் வருடக் கணக்கை முதலிலேயே போட்டுப் பார்த்துவிட்டுத்தான், கடைசி நாளான மே 1-க்கு இரண்டு நாள் முன்னால் முன்பணம் கட்டினோம்.

ஒன்று பாக்கி இருக்கிறது. 2028 மார்ச்சில் அவளுக்கு 21 வயது. அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் எச்-4 முடிந்துவிடும், மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். மாறினால் ஸ்காலர்ஷிப் அப்படியே இருக்குமா என்று எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். ஆகஸ்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த முதல் வாரம், சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு நான் போன் செய்யலாம் என்று நம்பரைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவளிடமிருந்து செய்தி வந்தது.

"நானே போய் பேசிட்டேன்மா. என் டேட் ஆஃப் பர்த் எழுதி வச்சுக்கிட்டாங்க. அடுத்த வருஷம் அக்டோபர்ல திரும்ப வரச் சொன்னாங்க. லேப்ல இருக்கேன், நைட் கூப்பிடுறேன்."