1959 கிரேஞ்ச்

கடையில் நன்றி அட்டைகள் அடுக்கியிருந்தார்கள். பார்த்ததும் பேரி ஓ'ஃபாரல்தான் நினைவுக்கு வந்தார்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில முன்னாள் பிரீமியர், நம்மூர் முதல்வர் மாதிரி. 2011 தேர்தலில் 93 இடங்களில் அவர் கூட்டணிக்கு 69. வெற்றிக்கு வாழ்த்தாக அவர் வீட்டுக்கு ஒரு பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்ச் ஒயின் பாட்டில் போனது. 1959ஆம் ஆண்டுச் சரக்கு, அவர் பிறந்த வருடம். விலை ஏறக்குறைய 3,000 டாலர். 500 டாலருக்கு மேற்பட்ட பரிசை எம்.எல்.ஏ.க்கள் பதிவேட்டில் காட்ட வேண்டும். காட்டவில்லை.

2014 ஏப்ரல் 15. ஊழல் தடுப்பு ஆணையத்தின் முன் சத்தியப் பிரமாணம் எடுத்து, அப்படியொரு பாட்டில் வரவில்லை என்றார்.

மறுநாள் அவர் கையாலேயே எழுதிய நன்றிக் குறிப்பு வெளியே வந்தது. 1959 நல்ல வருடம் என்றுகூட அதில் எழுதியிருந்தார்!

அன்றே ராஜினாமா அறிவிப்பு. மறந்துபோய்விட்டது என்றார். ஏமாற்றும் நோக்கம் இல்லை என்று ஆணையமும் பிறகு சொன்னது. ஆனாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

அந்த ஆணையத்தை 1988இல் கொண்டுவந்தவர் அவர் கட்சியின் நிக் கிரைனர். 1992இல் அதன் தீர்ப்பாலேயே பிரீமியர் பதவியை இழந்தார். நீதிமன்றம் பின்னர் அதை ரத்து செய்தது. பதவி திரும்பவில்லை.

ஓ'ஃபாரல் 2020இல் ஆஸ்திரேலிய ஹை கமிஷனராக டெல்லிக்கு வந்தார்.