பிராங்க்ளினுக்கு வந்து குவிந்த கடிதங்கள்

பெஞ்சமின் பிராங்க்ளின் எழுதிய கடிதங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. அவருக்கு வந்த கடிதங்கள்தான் என்னைப் பிடித்து வைத்திருக்கின்றன. அமெரிக்கப் புரட்சி நடந்த காலத்தில் மனிதர்கள் எதற்கு ஏங்கினார்கள், எதற்குப் பயந்தார்கள் என்பது அவருடைய பதில்களைவிட இவற்றில்தான் அதிகம் கிடைக்கிறது.

பிரிட்டனை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்த புதிய அமெரிக்காவுக்குப் பிரான்சின் உதவி கேட்கும் தூதராக, 1776 டிசம்பரில், 70 வயதில், பிராங்க்ளின் பிரான்சில் வந்து இறங்கினார். 1785 ஜூலை வரை அங்கேயே இருந்தார், பெரும்பாலும் பாரிசை ஒட்டிய பஸ்ஸியில், ஷோமோன் என்ற பெரும் வணிகர் கொடுத்த வீட்டில். நாடு பிறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஒழுங்கான தூதரகம் கிடையாது, கடிதங்களைப் பார்த்துக்கொள்ள உடன் வந்தது 16 வயதுப் பேரன் டெம்பிள். ஆனால் இவர் வந்துவிட்டார் என்று தெரிந்ததுமே ஐரோப்பா முழுவதிலிருந்தும் கடிதங்கள் வர ஆரம்பித்துவிட்டன.

எழுதியவர்களில் பலருக்கு அமெரிக்கப் படையில் பதவி வேண்டும். என் மருமகன், என் நண்பரின் மகன், போரில் அனுபவமுள்ள இன்ன தளபதி என்று சிபாரிசுகள். சலித்துப்போய் 1777-ல் பிராங்க்ளின் முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுப்பதற்கென்றே ஒரு மாதிரிச் சிபாரிசுக் கடிதத்தை எழுதி வைத்தார்: இதைக் கொண்டுவருபவர் யாரென்று எனக்குத் தெரியாது, அவருடைய குணநலன்களை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்கிற பாணியில். ஒரு பெனடிக்ட் சபைத் துறவி சூதாட்டக் கடனைத் தீர்த்துவைக்கச் சொல்லி எழுதினார், பதிலுக்கு அமெரிக்காவின் வெற்றிக்காகப் பிரார்த்தனை செய்வாராம். இந்த மாதிரிக் கடிதங்களைச் சிரிப்புக்காக மட்டும் எடுத்துக்காட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. கடனிலோ பதவியில்லாமலோ மாட்டிக்கொண்ட ஒருவருக்கு, எங்கோ கடல் தாண்டிப் புதிதாக ஒரு நாடு உருவாகிறது, அங்கே நமக்கும் ஓர் இடம் இருக்கலாம் என்று தோன்றியது சாதாரண விஷயமில்லை.

அமெரிக்காவிலிருந்து வரவேண்டிய கடிதங்களின் கதை வேறு. அட்லாண்டிக்கைத் தாண்ட ஒரு கப்பலுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், காற்று ஒத்துழைக்காவிட்டால் இரண்டு மாதமும் ஆகலாம், நடுவில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வேறு. அதனால் முக்கியமான கடிதங்களைப் பிரதி எடுத்து வேறு வேறு கப்பல்களில் அனுப்புவார்கள். பிடிபடும் நிலை வந்தால் எடை கட்டிய கடிதப் பையைக் கடலில் போட்டுவிட வேண்டும் என்று கேப்டனுக்கு உத்தரவு. அமெரிக்கக் காங்கிரஸ் என்ன நினைக்கிறது, தன் சொந்த ஊரான பிலடெல்பியா யார் கையில் இருக்கிறது என்பதெல்லாம் தெரியாமலே பிராங்க்ளின் பல வாரங்கள் பிரெஞ்சு அமைச்சர்களிடம் பேசிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் சரடோகா என்ற இடத்தில் பிரிட்டிஷ் தளபதி பர்கோய்ன் சரணடைந்தது 1777 அக்டோபர் 17. அந்தச் செய்தி பஸ்ஸிக்கு வந்து சேர்ந்தது டிசம்பர் 4. அதற்கப்புறம் இரண்டே மாதத்தில், 1778 பிப்ரவரி 6 அன்று, பிரான்சோடு உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது.

மகள் சாராவின் கடிதங்களை நான் தனியாகப் படிக்கச் சொல்வேன். 1777 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை பிலடெல்பியாவை நெருங்கியபோது, பிறந்து சில நாட்களே ஆன பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு ஓடியவர் அவர். அடுத்த கோடையில் திரும்பி வந்தபோது, வீட்டில் தங்கியிருந்த ஆண்ட்ரே என்ற பிரிட்டிஷ் அதிகாரி பிராங்க்ளினின் உருவப்படத்தைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார். அதையும் கடிதம் வழியாகத்தான் பிராங்க்ளின் தெரிந்துகொண்டார். (அந்தப் படம் 1906-ல்தான் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குத் திரும்பி வந்தது.)

இவ்வளவும் பட்ட அந்த மகள் 1779 ஜனவரியில் எழுதிய கடிதத்தில், அப்பாவின் பிறந்தநாள் இரவில் ஜார்ஜ் வாஷிங்டனோடு நடனமாடியதைச் சொல்கிறார், அன்றுதான் தனக்குத் திருமணமாகி 20 வருடம் நிறைகிறது என்று வாஷிங்டன் சொன்னதையும் சொல்கிறார். ஊரில் விலைவாசி பயங்கரம், அங்கிருந்து கொஞ்சம் லேஸ், இறகுகள், கறுப்பு ஊசிகள் அனுப்புங்கள் என்றும் கேட்டிருந்தார். ஜூனில் அப்பாவின் பதில் போனது: நீ கேட்டது ஸ்ட்ராபெரி பழத்தில் உப்பைப் போட்ட மாதிரி இருக்கிறது, கிழிசல்களைத் தைக்காமல் விட்டால் அவையே லேஸ் ஆகிவிடும், இறகு வேண்டுமானால் அமெரிக்காவில் எந்தச் சேவலின் வாலிலும் கிடைக்கும் என்று. இந்தப் பதிலைச் சாமர்த்தியமான பேச்சு என்று எல்லோரும் ரசித்து மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அது கொடுமையாகத்தான் படுகிறது. பாரிஸ் விருந்துகளில் கொண்டாடப்பட்டுக்கொண்டிருந்தவர், போரை நேரில் பார்த்த மகளுக்குச் சிக்கனம் போதிக்கிறார். அடுத்த வருடம் படைவீரர்களுக்காகப் பெண்கள் சேர்ந்து 2,000-க்கும் மேற்பட்ட சட்டைகள் தைத்துக் கொடுத்தார்களே, அந்த வேலையை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் இதே சாராதான்.

1777-ன் ஆரம்பத்தில் ஜூலியானா ரிச்சி என்ற பெண் எழுதிய எச்சரிக்கையும் அந்தக் குவியலில் இருக்கிறது: உங்களைச் சுற்றி ஒற்றர்கள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை. வெளியே தெரிந்தால் வெட்கப்பட வேண்டிய காரியம் எதையும் நான் செய்வதில்லை, என் பணியாள் ஒற்றனாகவே இருந்தாலும் மற்றபடி அவனைப் பிடித்திருந்தால் வேலையைவிட்டு அனுப்பமாட்டேன் என்று பிராங்க்ளின் நிதானமாகப் பதில் எழுதினார். எச்சரிக்கை சரிதான். அமெரிக்கத் தூதுக்குழுவின் செயலாளர் போலவே கூட இருந்த எட்வர்ட் பான்கிராஃப்ட் பிரிட்டனின் சம்பளம் வாங்கியவர். பாரிசின் டுயிலரி தோட்டத்தில் ஒரு மரப் பொந்துக்குள் பாட்டிலில் வைத்துத் தகவல்களை அனுப்பிக்கொண்டிருந்தார். இது உலகத்துக்குத் தெரிய 1889 வரை ஆனது.

ஆனால் என்னை அதிகம் பாதித்தவை இங்கிலாந்துச் சிறைகளிலிருந்து வந்தவை. கடலில் பிடிபட்ட அமெரிக்க மாலுமிகள் பிளிமத்தில் மில் சிறையிலும், போர்ட்ஸ்மத் பக்கம் ஃபார்டன் சிறையிலும் அடைக்கப்பட்டிருந்தார்கள். பிரிட்டனின் கணக்கில் அவர்கள் போர்க்கைதிகளே இல்லை, துரோகிகள், கடற்கொள்ளையர்கள். தப்பிக்கப் பார்த்து மாட்டினால் பாதி உணவோடு 40 நாள் இருட்டறை. கைதிப் பரிமாற்றம் பற்றிப் பாரிசில் இருந்த பிரிட்டிஷ் தூதர் ஸ்டோர்மண்ட் பிரபுவுக்குப் பிராங்க்ளின் எழுதியபோது வந்த பதில் இதுதான்: அரசரின் கருணையை வேண்டி வந்தாலொழிய, கிளர்ச்சிக்காரர்களின் மனுவை அரசரின் தூதர் வாங்குவதில்லை.

அந்த மாலுமிகளுக்கு முறையிட வேறு ஆள் கிடையாது. பசி, குளிருக்குத் துணியில்லை, எங்களை மறந்துவிட்டீர்களா என்று பிராங்க்ளினுக்கு எழுதினார்கள். தப்பித்துப் பிரான்சுக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு அவர் பணம் கொடுத்து அனுப்பினார், சிறையில் இருப்பவர்களுக்கு லண்டனில் இருந்த தாமஸ் டிக்ஸ் என்ற வணிகர் வழியாக உதவிப் பணம் அனுப்பினார். டிக்ஸ் ஏறக்குறைய 500 பவுண்ட் வாங்கிக்கொண்டு, கைதிகளுக்குக் கொடுத்தது 30 பவுண்ட் அளவுதான். இது தெரிந்ததும் 1781-ல் பிராங்க்ளின் எழுதிய கடிதத்தில் அவருடைய வழக்கமான நிதானம் எங்குமே இல்லை: இவனை நரகத்துக்கு அனுப்பாவிட்டால் பிசாசு என்று ஒன்றை வைத்திருப்பதே வீண் என்கிறார்.

பரிமாற்றத்தில் முதல் கப்பல் 1779-ல்தான் கிளம்பியது, ஏறத்தாழ நூறு பேரோடு. மீதிப் பேர் காத்திருந்தார்கள், இன்னும் பலர் பிடிபட்டு உள்ளே போய்க்கொண்டும் இருந்தார்கள். 1782 மார்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அவர்களைப் போர்க்கைதிகள் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் மொத்தமாக ஊர் திரும்ப வழி பிறந்தது.