போன் நகரத்து ஆஸ்பத்திரியும் ஆறு யூரோ தண்ணீரும்

பிரான்ஸின் போன் நகரத்துக்கு எப்படிப் போவது, என்ன செலவாகும், எதை முதலில் பார்ப்பது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மத்தியானச் சாப்பாட்டு பில்லின் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதை முதலில் கொட்டிவிடுகிறேன். தண்ணீர் கேட்டோம். என்ன தண்ணீர் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கண்ணாடி பாட்டில் ஒன்றைத் திறந்து வைத்துவிட்டுப் போனார் பரிமாறுகிறவர். ஆறு யூரோ! நம்ம காசில் ஐநூறுக்கு மேல். “கராஃப் தோ” என்று கேட்டு வாங்குங்கள். சாப்பிட வந்தவர்களுக்குக் குழாய்த் தண்ணீரை ஓட்டல்காரர் ஜாடியில் சும்மா கொடுத்தாக வேண்டும், அங்கே அது சட்டம். நான் சண்டைக்குத் தயாரானேன். பக்கத்து நகரமான டிஜோனில் படிக்கும் சித்தப்பா மகன், “விடுங்கண்ணா, இவங்ககிட்ட பேசினா பொழுதுதான் போகும்” என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. சிவப்பு ஒயின் குழம்பில் மிதக்கும் அரைவேக்காட்டு முட்டை, இந்தப் பகுதியான பர்கண்டிக்காரர்களின் சொந்தச் சரக்கு. தட்டை ரொட்டியால் துடைத்துத் துடைத்துத் தின்றேன்.

சரி, ஆஸ்பத்திரி. போனுக்குப் போவதே இதைப் பார்க்கத்தான்: பதினைந்தாம் நூற்றாண்டில் ஏழைகளுக்காகக் கட்டியது, இப்போது அருங்காட்சியகம். டிஜோனிலிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம், டாக்ஸி வேண்டவே வேண்டாம். ‘ஒத்தெல்-தியூ’ என்று பெயர். நுழைவுச் சீட்டு நம்ம காசில் ஆயிரத்தைத் தாண்டுகிறது. தெருவில் நின்று பார்த்தால் இதற்கா இவ்வளவு என்றுதான் தோன்றும். சாம்பல் நிறக் கற்பலகைக் கூரை, மொட்டையான நீளச் சுவர். சித்தப்பா மகன் வாய்விட்டே கேட்டான்.

உள்முற்றத்தில் கால் வைத்ததும் வாயை மூடிக்கொண்டான். கூரை முழுக்கச் சிவப்பு, பழுப்பு, மஞ்சள், பச்சை என மெருகேற்றிய ஓடுகள், சிக்குக் கோலம் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு போகின்றன. கீழே மரத்தூண் தாழ்வாரங்கள், நடுவில் இரும்பு வேலைப்பாட்டுடன் ஒரு கிணறு. பகட்டையெல்லாம் தெருவுக்குக் காட்டாமல் உள்ளே வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

கட்டியவர் நிக்கோலா ரோலன். பர்கண்டி கோமகன் பிலிப்பின் தலைமை அமைச்சர், பெரும் பணக்காரர். பிரான்ஸும் இங்கிலாந்தும் மோதிய நூறாண்டுப் போர் ஓய்ந்துகொண்டிருந்த காலம். வேலையில்லாத சிப்பாய்கள் ஊர் ஊராகக் கொள்ளையடிக்க, சனங்கள் பஞ்சத்தில் கிடந்தார்கள். 1443 ஆகஸ்டில் ரோலனும் மனைவி கிகோன் தெ சாலேனும் ஆஸ்பத்திரிக்குச் சாசனம் எழுதினார்கள். முதல் நோயாளி வந்து படுத்தது 1452 ஜனவரி 1. ரோலனைப் பற்றி மன்னர் பதினொன்றாம் லூயி சொன்னதாக ஒரு குத்தல் உண்டு: அத்தனை பேரை ஏழையாக்கியவர் ஏழைகளுக்கு ஒரு வீடாவது கட்டத்தானே வேண்டும்!

ஏழைகள் கூடம் என்கிற பெரிய வார்டுதான் எனக்கு உயிர். 50 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம், 16 மீட்டர் உயரம். தலைகீழாகக் கவிழ்த்த கப்பலடி போல மரக்கூரை. குறுக்கு உத்தரங்களின் இரண்டு முனைகளையும் வண்ணம் பூசிய பூதங்கள் வாயில் கவ்விக்கொண்டிருக்கின்றன. இருபுறமும் சிவப்புத் திரை போட்ட கட்டில்கள். அந்தக் காலத்தில் ஒரு கட்டிலில் இரண்டு பேர். வார்டின் கோடியிலேயே தேவாலயம், நடுவே ஒரு மரத்தட்டி மட்டும். எழுந்திருக்க முடியாதவனும் படுத்தபடியே பூசை காணலாம். மருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாத காலத்தில் ஆன்மாவைத் தேற்றுவதுதான் முதல் வைத்தியம், கட்டடமே அந்தக் கணக்கில்தான் போடப்பட்டிருக்கிறது.

ஆனால் ஒன்று. அந்தக் கூடத்தில் நாம் பார்க்கும் மரச்சாமான்களும் திரைகளும் 1870களில் நடந்த புதுப்பிப்பில் வந்தவை. எல்லோரும் கழுத்து வலிக்கப் படமெடுக்கும் வண்ண ஓடுகளோ 1902 முதல் 1907 வரை புதிதாக வேய்ந்தவை. பழைய ஓடுகள் போய்விட்டன, கோலம் ஓரளவு ஊகம்தான். ‘அறுநூறு வருஷக் கூரை’ என்று எழுதுகிற பயணப் பதிவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம். எனக்கு இதில் ஏமாற்றம் எதுவும் இல்லை. கூரைக்கு ஓடு மாற்றாமல் எந்த ஆஸ்பத்திரி ஓடும்?

பலிபீடத்துக்கு என்றே ஓவியர் ரோஹியர் வான் டெர் வெய்டனிடம் வரைந்து வாங்கிய ‘இறுதித் தீர்ப்பு’, கதவு போல மூடித் திறக்கும் பலகை ஓவியம், இப்போது தனியாக ஓர் இருட்டறையில். ஞாயிறும் திருநாளும்தான் கதவுப் பலகைகளைத் திறப்பார்களாம். மற்ற நாளெல்லாம் நோயாளி கண்டது மூடிய பக்கம்: மண்டியிட்ட ரோலன் தம்பதி, கொள்ளைநோய்க்கு வேண்டிக்கொள்ளும் செபஸ்தியார், தோல் எரிச்சல் நோய்க்கு அந்தோணியார். ஒரே நேரத்தில் இரு பக்கமும் தெரியட்டும் என்று 19-ஆம் நூற்றாண்டில் பலகைகளைத் தடிப்பிலேயே இரண்டாக அறுத்திருக்கிறார்கள். என்ன துணிச்சல்!

பிறகு கட்டியவற்றை வேகமாகக் கடந்தோம். 1645-இல் வசதிபடைத்தவர்களுக்காக வந்த செயின்ட் ஹியூக் அறை, நம்ம ஊர் ஸ்பெஷல் வார்டேதான். சமையலறையில் 1698-ஆம் வருஷத்து இறைச்சி சுழற்றும் இயந்திரம். செயின்ட் நிக்கோலா அறையில் தரைக் கண்ணாடி வழியாகக் கீழே பூசேஸ் ஓடை தெரிகிறது. ஓடையின் மேலேயே கட்டி, கழிவையெல்லாம் அதில் விட்டிருக்கிறார்கள். உள்ளே இருந்தவர்களுக்குச் சுகாதாரம், கீழ்த்தெருக்காரர்கள் பாடு ஆண்டவன் பொறுப்பு.

1971 வரை இங்கே நோயாளிகள் இருந்தார்கள். பின்னர் புது மருத்துவமனைக்கு மாற்றிவிட்டார்கள். தானமாக வந்த திராட்சைத் தோட்டங்கள், சுமார் 60 ஹெக்டேர், இன்னும் ஆஸ்பத்திரி அறநிலையத்தின் கையில்தான். அந்த ஒயினை 1859-இலிருந்து ஏலம் விடுகிறார்கள், நவம்பர் மூன்றாம் ஞாயிறு. பட்ஜெட் பயணிகள் அந்த வாரம் மட்டும் போகவே போகாதீர்கள். உலகத்து ஒயின் வியாபாரிகள் எல்லாம் வந்து இறங்குவார்கள், அறை வாடகையைக் கேட்டாலே மயக்கம் வரும். மற்ற நாளில் டிஜோனிலேயே தங்கி, காலை ரயிலில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுங்கள். ஒலி வழிகாட்டிக்குத் தனிக் காசு இல்லை, சீட்டோடு சேர்த்திதான், கேட்டு வாங்குங்கள். பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள்.