உறைக்குள் சிக்கிய வாள்

போன அக்டோபரில் ஒஹாயோவில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் இந்த வாளை வாங்கினேன். உறையை விட்டு வரவே மாட்டேன் என்றது. விற்றவர், "பிடித்து முறுக்கி இழுங்கள், அப்புறம் கம்பி நார் போட்டுத் தேய்த்தால் பளபளக்கும்" என்றார். நல்லவேளையாக இரண்டையும் செய்யவில்லை.

கைகாப்பில் எஃப், சி, பி என்று மூன்று எழுத்துகள். நட்பு, ஈகை, நல்லெண்ணம் என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகள் அவை. நைட்ஸ் ஆஃப் பித்தியாஸ் சங்கத்தின் அடையாளம். 1864-இல், அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, ஜஸ்டஸ் ராத்போன் வாஷிங்டனில் தொடங்கிய சங்கம். நண்பனுக்காகத் தன் உயிரையே பிணையாக வைத்த டேமன், பித்தியாஸ் கதையிலிருந்து பெயரை எடுத்தார்கள். ஊர்வலத்துக்கும் சடங்குக்கும் இடுப்பில் கட்டிய வாள் இது. வெட்டுவதற்கு இல்லை என்பதால் கூர் தீட்டியிருக்க மாட்டார்கள்.

துருப்பிடித்த நட்டுக்கு விடும் எண்ணெயை உறையின் வாயில் இரண்டு சொட்டு விட்டு, பிடி மேலே இருக்கும்படி நிறுத்தி வைத்தேன். தினமும் இரண்டு சொட்டு. பிடியில் எண்ணெய் படாமல் துணி சுற்றியிருந்தேன். ஐந்தாம் நாள் நேராக இழுத்தபோது அரை அங்குலம் நகர்ந்தது. மறுநாள் முழுதும் வந்துவிட்டது. முறுக்கியிருந்தால் அந்த மெல்லிய அலகு வளைந்திருக்கும்.

அலகு முழுக்கப் பழுப்புப் படலம். அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். கொடி வேலைப்பாட்டுக்கு நடுவில் ஒருவருடைய முழுப்பெயர்! இந்த வாள்களில் உரியவரின் பெயரை அமிலத்தால் அரித்துப் பொறிப்பது வழக்கம். அந்த அரிப்பு மிக மெல்லியது. கம்பி நார் பட்டிருந்தால் பெயர் போயிருக்கும். அதை நினைத்தால் இன்னும் பதறுகிறது. மினரல் ஆயிலும் பருத்தித் துணியும் மட்டும் கொண்டு மூன்று வாரம் துடைத்தேன். துரு தடித்திருந்த இடத்தில் மூங்கில் குச்சி.

வெள்ளைப் பிடி தந்தமோ என்று ஒரு சந்தேகம். சூடான ஊசி வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். கற்பூரம் கலந்து செய்த அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கான செல்லுலாய்டாக இருந்தால் தீப்பிடித்துக்கொள்ளும், வேண்டவே வேண்டாம். துணியால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்தேன். பூஜையறைக் கற்பூர வாசனை! செல்லுலாய்டுதான். அது நாள்பட வெளிவிடும் ஆவி உலோகத்தை அரிக்கும் என்பதால் வாளை மூடிய பெட்டியில் வைக்காமல் காற்றோட்டமாக வைத்திருக்கிறேன்.

அவருடைய குடும்பம் இருக்கலாம் என்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. கல்லறைப் பதிவுகளில் தேடியதில், நாற்பது மைல் தொலைவில் அதே பெயர் கிடைத்தது. நேரில் போனேன். கல்லின் உச்சியில், பாசிக்கு அடியில், அதே மூன்று எழுத்துகள். வாரிசு யாராவது இருக்கிறார்களா என்று அந்த ஊர் நூலகத்தில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். கேட்டு வந்தால் வாள் அவர்களுக்குத்தான்.