அரிஸ்டாட்டில் பார்த்த கடல்: அசோஸிலிருந்து லெஸ்போஸுக்கு

கிரீஸும் துருக்கியும் போய்வந்தேன் என்று சொன்னால் சான்டோரினி பார்த்தாயா, கப்படோக்கியாவில் பலூன் ஏறினாயா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை. இஸ்தான்புல்லை விமான நிலையத்தோடு கடந்துவிட்டோம். எபேசஸ் பக்கம்கூடப் போகவில்லை. துருக்கியின் வடமேற்குக் கரையில் அசோஸ் என்ற மலைக் கிராமம், அதற்கு நேர் எதிரே கடலுக்கு அப்பால் லெஸ்போஸ் என்ற கிரேக்கத் தீவு. பயணம் முழுக்க இந்த இரண்டு கரைகளைச் சுற்றித்தான். இடையில் இருக்கும் கடல், குறுகலான இடத்தில் பத்து கிலோமீட்டர் சொச்சம்தான்.

இந்த இரண்டு ஊர்களையும் சேர்த்துப் பார்க்க ஒரு காரணம் உண்டு. கி.மு. 347-இல் அரிஸ்டாட்டிலின் ஆசிரியர் பிளேட்டோ இறந்தார். அதையொட்டி அரிஸ்டாட்டில் ஏதென்ஸை விட்டுக் கிளம்பி முதலில் வந்து தங்கிய ஊர் அசோஸ். அந்தப் பகுதியை ஆண்ட ஹெர்மியாஸ் தத்துவத்தில் ஈடுபாடு உள்ளவர். அவருடைய உறவுக்காரப் பெண் பித்தியாஸை அரிஸ்டாட்டில் மணந்துகொண்டார். சில ஆண்டுகள் கழித்து எதிர்க்கரைக்கு, லெஸ்போஸுக்குப் போனார். அவர் எழுதிய விலங்கியல் நூல்களில் இந்தக் கரைகளின் ஊர்ப்பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதை 1910-இல் அவற்றில் 'விலங்குகளின் வரலாறு' என்ற நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த டார்சி தாம்ப்சன் கவனித்துச் சொன்னார். உயிரினங்களை நேரில் பார்த்து, அறுத்து, எண்ணி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதும் வேலை எந்த மாதிரி இடத்தில் தொடங்கியது? அதைப் பார்க்கத்தான் நாங்கள் போனோம்.

பத்துப் பேருக்கும் குறைவான குழு. நடத்தியவர்கள் இருவர். ஒருவர் கிரேக்கப் பெண், கடல் உயிரியல் படித்தவர். மற்றவர் துருக்கியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஆசிரியர். அவரை அங்கே எல்லோரும் 'ஹோஜாம்' என்று கூப்பிட, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கிற வழிகாட்டி கிடையாது. கிளம்புவதற்கு முன்பே ஒவ்வொருவருக்கும் அரிஸ்டாட்டிலின் நூலிலிருந்து ஒரு பகுதியை அனுப்பிவிட்டார்கள். அதைப் படித்துக்கொண்டு போய், அதற்குரிய இடம் வரும்போது மற்றவர்களுக்கு நாம்தான் விளக்க வேண்டும். எனக்கு வந்தது கடல் முள்ளெலி, உடம்பெல்லாம் முள்ளாக உருண்டையாக இருக்கும் கடல் உயிர். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த, நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற அக்காவுக்குக் கணவாய். குழுவில் தமிழ் பேசியவர்கள் நாங்கள் இருவர்தான் என்பதால் இரவு உட்கார்ந்து சேர்ந்தே படித்தோம்.

அசோஸ் இருக்கும் கிராமத்துக்கு இப்போது பெஹ்ராம்கலே என்று பெயர். கருங்கல் பாவிய செங்குத்தான தெரு. இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து காய்ந்த தைம் இலைக்கட்டும் பின்னல் வேலைகளும் விற்கிறார்கள். உச்சியில் கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் அதீனா கோயில். இந்த மலையின் எரிமலைக் கல்லிலேயே கட்டியது, பளிங்கு இல்லை. சில தூண்களைத்தான் திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். அதன் சிற்பப் பலகைகள் இன்று பாரிஸ் லூவ்ரிலும் பாஸ்டனிலும் இஸ்தான்புல்லிலும் பிரிந்து கிடக்கின்றன. பக்கத்திலேயே 14-ஆம் நூற்றாண்டின் ஓட்டோமான் மசூதி. இதையெல்லாம் ஹோஜாம் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிட்டு, எங்களைத் தெற்குப் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார். எதிரே லெஸ்போஸின் மலைகள் தெளிவாகத் தெரிந்தன. இங்கே இருந்தவர் அங்கே போகாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம் என்று தோன்றியது.

கீழே துறைமுகத்தில் வரிசையாக நிற்கும் கல் கட்டடங்கள் இப்போது ஓட்டல்கள். முன்பு அவை கிடங்குகள். இந்தப் பகுதி ஓக் மரங்களின் கொட்டைக் கிண்ணங்களைச் சேர்த்து வைத்துக் கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். நம் பக்கம் ஆவாரம்பட்டை மாதிரி, தோல் பதனிடுவதற்கு. ராணிப்பேட்டை, ஆம்பூர்க்காரர்களுக்கு இந்தக் கட்டடங்களைப் பார்த்தால் உடனே புரியும்.

அசோஸிலிருந்து நேரே தீவுக்குப் படகு இல்லை. கரையோரமாக ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே போய் ஆய்வாலிக் என்ற ஊரில் கப்பல் ஏற வேண்டும். அங்கே தங்கிய நாள் அரிஸ்டாட்டிலுக்குச் சம்பந்தமில்லாதது. ஆனால் அதை விட்டுவிட்டு இந்தக் கடலைப் பற்றிப் பேசவே முடியாது.

ஆய்வாலிக் 1922 வரை கிட்டத்தட்ட முழுக்கவும் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் ஊர். ஊர் நடுவே உள்ள சாத்லி மசூதி தேவாலயமாகக் கட்டப்பட்டது. உள்ளே போனால் கட்டட அமைப்பிலேயே தெரிந்துவிடும். கிரேக்க-துருக்கிப் போருக்குப் பிறகு, 1923 ஜனவரி 30 அன்று சுவிட்சர்லாந்தின் லொசானில் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. துருக்கியில் இருந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கு, கிரீஸில் இருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கு. இஸ்தான்புல் கிரேக்கர்கள், மேற்குத் த்ரேஸ் முஸ்லிம்கள் போலச் சிலருக்குத்தான் விலக்கு. போரின்போதே தப்பி ஓடியவர்களையும் சேர்த்தால் கிரீஸுக்கு வந்தவர்கள் சுமார் 12 லட்சம். துருக்கிக்குப் போனவர்கள் ஏறத்தாழ 4 லட்சம். அளவுகோல் மதம் மட்டும்தான், மொழியைக் கேட்கவே இல்லை. துருக்கி மொழி மட்டுமே பேசிய கிறிஸ்தவர்கள் கிரீஸுக்குப் போனார்கள். கிரேக்கம் மட்டுமே பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் ஆய்வாலிக்கிலும் அதை ஒட்டிய ஜுண்டா தீவிலும் வந்து இறங்கினார்கள்.

ஹோஜாமின் பாட்டி அப்படி வந்தவர். ஜுண்டாவில் காட்டுக் கீரைகளை ஆலிவ் எண்ணெயில் வதக்கிக் கொண்டுவந்து வைத்தபோது, "இது கிரீட் சமையல். என் பாட்டி கடைசிவரை அடுப்படியில் கிரேக்கத்தில்தான் பேசினாள், தெருவில் வாயே திறக்க மாட்டாள்" என்றார். அவ்வளவு நேரமும் வரலாற்றை ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நாற்பது பேர் பஸ்ஸில் போகும் சுற்றுலாவில் இப்படி ஒரு பேச்சு வரவே வராது. சின்னக் குழு வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான். ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடிகிற அளவுக்குள் இருந்தால்தான் யாரும் மனம்விட்டுப் பேசுவார்கள்.

கப்பலில் ஒன்று, ஒன்றரை மணி நேரம். இதே தண்ணீரில்தான் 2015-இல் சிரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் கிளம்பிய சுமார் 5 லட்சம் பேர் ரப்பர் படகுகளில் லெஸ்போஸுக்கு வந்து சேர்ந்தார்கள். வழியிலேயே மூழ்கியவர்களும் உண்டு. பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு மேல்தளத்தில் டீ குடித்தபடி கடக்கும்போது அது நெஞ்சை அறுத்தது. லெஸ்போஸின் தலைநகரான மித்திலினியில் இறங்கியதும் பழைய சந்தைப் பகுதியில் கூரை இல்லாமல் நிற்கும் யெனி ஜாமி மசூதியைப் பார்த்தோம். அங்கே தொழுதவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் முந்தின நாள் நாங்கள் பார்த்த ஆய்வாலிக் தெருக்களில் இருக்கிறார்கள்.

சரி, கலோனிக்கு வருகிறேன். தீவின் நடுவே உள்நாட்டுக்குள் நீண்டு நுழைந்திருக்கும் வளைகுடா அது. வாய் குறுகல், உள்ளே அகலம், ஆழம் அதிகமில்லை. அலை அடங்கியே இருக்கும். கரையில் உப்பளங்கள், அதில் பூநாரைகள். வளைகுடாவின் கிழக்குக் கரையில் இருந்த பழைய நகரம் பிர்ரா. அரிஸ்டாட்டில் 'பிர்ராவின் நீரிணை' என்று எழுதுவது இந்தத் தண்ணீரைத்தான்.

ஸ்காலா கலோனி என்ற மீனவர் ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறைதான் எங்கள் வகுப்பறை. காலையில் வலையில் வந்தவை, மதியம் சாப்பாட்டுக்குப் போக இருந்தவை. பாடத்துக்கென்று எதையும் தனியாகப் பிடிக்கவில்லை. என் முறை வந்தது. ஒரு முள்ளெலியைக் கண்ணாடிக் கிண்ணத்தில் கடல்நீரோடு வைத்தார்கள். இன்னொன்றைத் தலைகீழாக இடது கையில் பிடித்துக்கொண்டு, வாயைச் சுற்றிக் கத்தரிக்கோலால் வெட்டி மூடி மாதிரி எடுத்தேன். முட்கள் வெட்டிய பிறகும் மெல்ல அசைந்துகொண்டே இருந்தன. மூடியோடு சேர்ந்து தாடை வந்தது: வெள்ளையாக, ஐந்து பட்டையாக, நுனியில் ஐந்து பற்கள். உள்ளே ஓட்டின் சுவரில் ஆரஞ்சு நிறத்தில் ஐந்து முட்டைக் குவியல்கள், நட்சத்திரம் போட்டது போல. அரிஸ்டாட்டில் பற்களையும் ஐந்து என்று எண்ணியிருக்கிறார், முட்டைகளையும் ஐந்து என்று எண்ணியிருக்கிறார். ஏன் ஐந்து என்றும் யோசித்திருக்கிறார். அந்தத் தாடைக்கு விலங்கியலில் இன்றும் 'அரிஸ்டாட்டிலின் விளக்கு' என்றுதான் பெயர்.

அப்புறம் கிண்ணத்தில் இருந்ததைப் பார்க்கச் சொன்னார் உயிரியல்காரர். முள்ளெலி தன் முட்களையே கால்களாக ஊன்றி நகர்கிறது என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். ஆனால் கிண்ணத்தின் கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்தால், முட்களுக்கு நடுவிலிருந்து நூலைவிட மெல்லிய குழாய்க்கால்கள் நீண்டு, நுனியில் உறிஞ்சு ஒட்டி, விட்டு, மறுபடி ஒட்டி நகர்ந்தன. தண்ணீர் நிறத்திலேயே இருப்பதால் கண்ணாடி இல்லாமல் எளிதில் தெரியாது. அரிஸ்டாட்டில் எதைப் பார்த்தார், எது அவர் கண்ணுக்குத் தப்பியது என்பது இரண்டும் ஒரே கிண்ணத்தில் கிடைத்தன. எத்தனை புத்தகம் படித்தாலும் எனக்கு இது இப்படிப் புரிந்திருக்காது.

அக்காவின் கணவாய்ப் பாடம் இன்னும் நன்றாக இருந்தது. ஒரு மீனவர் கயிற்றில் ஒட்டியிருந்த முட்டைக் கொத்தை அப்படியே கொண்டுவந்திருந்தார். கறுப்பாக, திராட்சைக் கொத்து போலவே. அரிஸ்டாட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். ஒன்றை மட்டும் பிரித்தோம். மீதியைத் திரும்பக் கடலில் விட்டுவிட்டார்கள். அக்கா ஊசி முனையால் கறுப்புத் தோலை உரித்து விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். உள்ளே தலையெல்லாம் கண்ணாகக் குட்டிக் கணவாய், மஞ்சள் கருவோடு தலைப்பக்கம் ஒட்டிக்கொண்டு. "இங்க பாரும்மா, தலைப்பக்கம்தான் ஒட்டியிருக்கு. அவர் சொன்னது சரி" என்று தமிழிலேயே கத்திவிட்டார். யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

சமையலறையில் வைத்துப் பாடம் நடத்தியதற்கும் காரணம் இருந்தது. எபேசஸ் ஊர்க்காரரான பழைய தத்துவஞானி ஹெராக்ளிட்டஸைப் பார்க்க வந்தவர்கள், அவர் அடுப்படியில் குளிர்காய்வதைப் பார்த்துத் தயங்கி நின்றார்களாம். உள்ளே வாருங்கள், இங்கேயும் தெய்வங்கள் உண்டு என்றாராம் அவர். இந்தக் கதையை அரிஸ்டாட்டில் தன் விலங்கியல் நூலில் சொல்கிறார். அருவருப்பாகத் தெரியும் சின்ன உயிர்களையும் முகம் சுளிக்காமல் ஆராய வேண்டும் என்பதற்காக. மீன் செதில் ஒட்டிய மேசையில் நின்றுகொண்டு அந்தப் பத்தியைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது.

இன்னொரு வரியும் என்னை விடவில்லை. இந்த நீரிணையில் ஒரு காலத்தில் விசிறிச் சிப்பி அற்றுப்போனது என்றும், வாரி எடுக்கும் கருவியும் வறட்சியும் அதற்குக் காரணம் என்றும் அரிஸ்டாட்டில் எழுதிவைத்திருக்கிறார். 2,300 ஆண்டுகளுக்கு முன்பே! மீனவர்களிடம் பேசாமல் இது தெரிந்திருக்காது. அவர் நிறையக் கேட்டிருக்கிறார்: மீனவர்கள், கடற்பஞ்சு எடுப்பவர்கள், தேன் எடுப்பவர்கள். அன்று மதியம் நாங்களும் கேட்டோம். சாப்பாட்டுக்குக் கலோனி மத்தி. அன்றைக்குப் பிடித்து அன்றைக்கே உப்பில் போட்டு, சமைக்காமல் தோலை உரித்து, ஊசோ என்ற சோம்பு மணக்கும் மதுவோடு சாப்பிடுகிறார்கள்.

பிர்ரா இருந்த இடத்துக்குப் பக்கத்தில் அக்லதேரி என்ற பைன் காடு. அங்கே க்ரூப்பர் நட்ஹேட்ச் என்ற சின்னப் பறவையைப் பார்த்தோம். மார்பில் செம்பழுப்புத் திட்டு. துருக்கியில் பரவலாக இருக்கும் இந்தப் பறவை கிரீஸில் லெஸ்போஸில் மட்டும்தான் உண்டு. ஹோஜாமுக்கு அதில் ஏகப்பட்ட மகிழ்ச்சி.

மேற்கே சிக்ரி பக்கம் எரிமலைச் சாம்பலில் புதைந்து கல்லான காடும், தாவரவியலின் முன்னோடியான தியோஃப்ராஸ்டஸ் பிறந்த எரெசோஸும் ஒரே நாளில் ஓட்டமாகப் பார்த்தவை. அவற்றுக்குத் தனிப் பயணமே வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: ஏப்ரல், மே மாதங்கள் சரியான காலம். பூநாரைகளும் வலசைப் பறவைகளும் இருக்கும், கணவாய் முட்டையிடும் பருவம், வெயிலும் ஏறியிருக்காது. முதலில் கிரீஸுக்கு ஷெங்கன் விசா வாங்கிவிடுங்கள். அது கையில் இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் துருக்கிக்கு இ-விசா எடுத்துக்கொள்ளலாம். கப்பல் நேரங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும், அதனால் விமான டிக்கெட்டுக்கு முன்பே கப்பலைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழு கிடைக்கவில்லையென்றால் நான்கு நண்பர்கள் சேர்ந்தாலே போதும். டார்சி தாம்ப்சன் மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நான்காம் புத்தகத்தின் ஐந்தாம் அத்தியாயம் முள்ளெலி பற்றியது, சில பக்கங்கள்தான். அதை அச்செடுத்துக்கொண்டு போங்கள். ஸ்காலா கலோனியில் மீனவர்கள் காலையிலேயே கரைக்கு வந்துவிடுவார்கள்.