காத்துல கதவு ஆடுது

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகம் எனக்குப் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பில்தான் வரும். அதில் மூன்றாம் அங்கம், ஐந்தாம் காட்சியை வருடா வருடம் நடத்தியும் எனக்கு அலுத்ததில்லை.

நாடு கடத்தப்பட்ட ரோமியோ, விடிவதற்குள் வெரோனாவை விட்டு மான்டுவாவுக்குக் கிளம்பியாக வேண்டும். பிடிபட்டால் மரணம். ஒரு பறவை பாடுகிறது. அது விடியலில் பாடும் வானம்பாடி இல்லை, ராத்திரியில் அந்த மாதுளை மரத்தில் பாடுகிற நைட்டிங்கேல் என்கிறாள் ஜூலியட். கீழ்வானத்தைக் காட்டுகிறான் அவன். அது பகல் வெளிச்சமே இல்லை, உனக்குப் பந்தம் பிடிக்க வந்த எரிகல் என்கிறாள். சரி, நீ சொன்னால் இரவுதான், பிடித்துக் கொல்லட்டும் என்று அவன் இருந்துவிடத் துணிந்ததும் அவள் பேச்சு தலைகீழாகிறது. விடிந்துவிட்டது, போய்விடு! அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய இரவை அவளே கலைத்தால்தான் அவன் பிழைப்பான்.

பல வருடம் இதை நான் தப்பாக நடத்தினேன். கரும்பலகையின் நடுவே கோடு போட்டு, ஒளி என்றால் நன்மை, இருள் என்றால் தீமை என்று எழுதிப்போடுவேன். பிள்ளைகளும் தேர்வில் அதையே எழுதுவார்கள். நாடகத்தில் இருப்பது வேறு. ரோமியோவின் நண்பன் மெர்க்யூஷியோவும் ஜூலியட்டின் உறவினன் டிபால்ட்டும் வெட்டுப்பட்டுச் சாவது வெயில் கொளுத்தும் பகலில். காதலர்களைக் காப்பாற்றுவது இருட்டு. கறுப்புடுத்த பெரிய மனுஷியே, வா என்று ஜூலியட் இரவை அழைக்கிறாள்.

ஒருநாள் பின் பெஞ்சு மாணவி ஒருத்தி எழுந்தாள். "எங்கப்பா லாரி ஓட்டுறாரு சார். மாசத்துல ரெண்டு மூணு ராத்திரிதான் வீட்ல இருப்பாரு. விடியக்காலைல கிளீனர் அண்ணன் வந்து கதவைத் தட்டுவாங்க. 'காத்துல கதவு ஆடுது, நீங்க தூங்குங்க'ன்னு அம்மா சொல்லும்."

கரும்பலகையில் எழுதியிருந்ததை அழித்துவிட்டேன். அடுத்த வகுப்புக்குக் குறுந்தொகையின் 157ஆம் பாட்டைக் கொண்டுபோனேன். கோழி கூவியதும் நெஞ்சு திடுக்கிட்ட தலைவிக்கு வைகறை, காதலரைப் பிரிக்க வந்த வாளாகத் தெரிகிறது. அள்ளூர் நன்முல்லையார் பாடியது, நான்கே அடி. மாதுளை மரத்துப் பறவைக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனில் பொது அரங்குகள் திறந்தவெளி. நாடகம் நடந்தது பிற்பகலில். இரவைக் காட்ட விளக்கை அணைக்க வழியில்லை. தலைக்குமேல் வெயில் அடிக்க நின்றவர்களுக்கு நடிகரின் சொல்தான் இரவு, சொல்தான் விடியல். அதனால் இப்போதெல்லாம் முதலில் விளக்கம் சொல்வதில்லை. காட்சி முழுவதையும் சத்தமாக வாசிக்கிறேன். வெளிச்சம் ஏற ஏற நம் துயரம் இருட்டுகிறது என்று ரோமியோ சொல்லும் வரியில் நிறுத்துகிறேன். மணி இரண்டரை இருக்கும். ஜன்னல் வழியே வெயில் மேசைமேல் விழுந்து கிடக்கும். யாராவது பேசும்வரை காத்திருக்கிறேன்.